வேலியாக வந்த கள்ளி: சப்பாத்திக்கள்ளியும் சாயப்பூச்சியும் கடல் கடந்த வரலாறு

தமிழிலக்கியத்தில் கள்ளிக்கு நெடிய வரலாறு உண்டு. பாலை நிலத்தையும் சுடுகாட்டையும் பாடிய சங்கப் புலவர்கள் அறிந்த கள்ளி, கிள்ளினால் பால் வடியும் யூபோர்பியா இனத்தைச் சேர்ந்தது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை அவ்வினத்தன. இன்று ‘கள்ளி’ என்றதும் பலர் மனத்தில் தோன்றும் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஒப்புன்ஷியா எனத் தாவரவியலார் வழங்கும் இவ்வினம் பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் தமிழ் மண்ணில் இருந்திருக்க இயலாது. பாலைத் திணைக்கு ஓவியம் தீட்டுவோர் சிலர் அதில் சப்பாத்திக்கள்ளியை வரைந்துவிடுவதுண்டு. பிழையே எனினும், வந்த செடி எவ்வளவு முழுமையாக இம்மண்ணின் செடியாகிவிட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அதன் வருகையைச் சொல்லும் ஆவணங்கள் குறைவு. பெயர்களே மிகுதியாகப் பேசுகின்றன. தமிழில் இதற்குச் சப்பாத்துக்கள்ளி என்ற வடிவமும் உண்டு. ‘சப்பாத்து’ என்பது செருப்பைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் வழிவந்தது. இலங்கைத் தமிழில் இன்றும் நாள்வழக்கில் உள்ளது. தட்டையாய் நீண்டு, அடி குறுகி மேல் அகன்ற இச்செடியின் மடல் செருப்பின் அடிப்பகுதியை ஒத்திருப்பது கண்கூடு. கன்னடத்தார் இதனைப் ‘பாபாசு கள்ளி’ என்பர். பாபாசு என்பதும் செருப்பே. அண்டை மொழிகள் இரண்டு வெவ்வேறு அயற்சொற்களைக் கொண்டு ஒரே உவமையை அமைத்திருப்பதால், சப்பாத்தி என்னும் ரொட்டியிலிருந்து இப்பெயர் வந்ததெனக் கூறும் விளக்கத்தைவிடச் செருப்பு விளக்கமே வலுவுடையது. மற்றொரு பெயரான நாகதாளி, மடலைப் படமெடுத்த நாகமாகக் கண்டது. தெலுங்கின் ‘நாகஜெமுடு’ அதற்கு இணையானது. ஜெமுடு என்பது அம்மொழியில் பழைய பால்கள்ளியின் பெயர். ஆக, மூன்று மொழியினரும் வந்த செடியைத் தனியே நிறுத்தவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த கள்ளிக் குடும்பத்தில் ஓர் அடைமொழியோடு சேர்த்துக்கொண்டனர்.

சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் வேலி. கோட்டையைச் சுற்றிக் காவற்காடு வளர்க்கும் மரபு தமிழில் மிகப் பழையது. அதனை ‘மிளை’ எனச் சங்க நூல்கள் குறிக்கும். புன்செய்க்கும் தோட்டத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் முள்வேலி இன்றியமையாதது. சப்பாத்திக்கள்ளிக்கோ நீர் ஊற்ற வேண்டுவதில்லை; ஒரு மடலை ஒடித்து மண்ணில் எறிந்தால் போதும். ஆடு மாடு அண்டாது. வேலிக்கு உகந்த இப்பண்புகளே அது வேலியைத் தாண்டுவதற்கும் காரணமாயின. வெட்டிப்போட்ட ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுப் புதுச்செடியாகும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைத் தொலைவில் சேர்க்கும். அழிக்க முயல்வோர் அரிவாளுடன் புகுந்தால் செடி குறைவதற்கு மாறாகப் பெருகும்.

சென்னைத் தோட்டம்

இச்செடியின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் தந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738–1809). அக்காலத்தில் ஐரோப்பாவின் உயர்ந்த சிவப்புச் சாயம் ‘கொச்சினீல்’ என்னும் சிறு பூச்சியிலிருந்து கிடைத்தது. கள்ளி மடல்களில் ஒட்டி வாழும் அப்பூச்சியின் வணிகம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் கையில் இருந்தது. 1786இல் சென்னையில் புல்லின்மேல் கண்ட ஒரு பூச்சியைக் கொச்சினீல் எனக் கருதிய ஆண்டர்சன், லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிவியலறிஞருக்கு எழுதினார். அக்கடிதங்கள் 1788இல் சென்னையிலேயே நூலாக வெளிவந்தன. புல்லின் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆயினும் அம்முயற்சியின் தொடர்ச்சியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று உருவாயிற்று. பூச்சி வரும் முன்பே அதன் உணவை வளர்த்துக் காத்திருந்த தோட்டம் அது. உண்மையான கொச்சினீலைக் கொண்டுவருவோர்க்கு 2,000 பவுன் பரிசளிப்பதாகக் கம்பெனி அறிவித்திருந்தது.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பூச்சி இந்தியாவுக்கு வந்த செய்தியை ஆண்டர்சன் அவ்வாண்டே சென்னையில் சிறு நூலாக வெளியிட்டார். வந்ததோ மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சியன்று. சாயம் குறைந்த காட்டினம். சாயத் தொழிலாக அது நிலைபெறவில்லை. ஆனால் பிரேசிலில் தனக்குரிய உணவாயிருந்த ஒப்புன்ஷியா மொனகாந்தா என்னும் கள்ளி இந்தியாவில் ஏற்கெனவே பரவியிருப்பதை அப்பூச்சி கண்டுகொண்டது. வெண்பஞ்சு போர்த்தாற்போல் மடல்களை மூடிச் சாற்றை உறிஞ்சி, அச்செடியைப் பெருமளவில் அழித்தது. சாயம் வேண்டியவர்களுக்கு அது தோல்வி. களையை வெறுத்தவர்களுக்கோ எதிர்பாராது கிடைத்த வெற்றி.

உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாட்டின் தொடக்கமாக 1795ஆம் ஆண்டைப் பல அறிவியல் நூல்கள் குறிக்கின்றன. அது மிகைக்கூற்று. அவ்வாண்டில் கள்ளியை அழிக்க எவரும் எண்ணவில்லை, வளர்க்கவே எண்ணினர். பயனறிந்து, களையை ஒழிக்கும் நோக்கத்துடன் அப்பூச்சி கொண்டுசெல்லப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். தென்னிந்தியாவுக்கும், 1865 அளவில் இலங்கைக்கும் அது எடுத்துச்செல்லப்பட்டது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் களைக்கொல்லியாகப் பூச்சியொன்றை வேண்டுமென்றே அனுப்பிய முதல் நிகழ்வு பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கிடையே நடந்தது என்பது தமிழியல் ஆய்வில் போதிய கவனம் பெறாத செய்தி.

இலங்கையிலிருந்து பிற நாடுகளுக்கு

இலங்கையில் பணியாற்றிய பூச்சியியலாளர் எர்னஸ்ட் கிரீன் இப்பூச்சியை ஆராய்ந்து ‘சிலோனிகஸ்’ எனப் பெயரிட்டார்; ‘இண்டிகஸ்’ என்னும் பெயரும் அதற்கு வழங்கியது. பிரேசிலில் தோன்றிய பூச்சி, இலங்கைப் பெயராலும் இந்தியப் பெயராலும் உலகுக்கு அறிமுகமானது. பெயர் பெற்றபின் அதன் பயணம் விரிந்தது. 1913இல் இலங்கையிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, அங்கிருந்த மொனகாந்தாக் கள்ளியைக் கட்டுப்படுத்தியது. 1860 முதல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் குடியேறிய நாட்டுக்கு, அரை நூற்றாண்டு கழித்து இப்பூச்சியும் ஏறத்தாழ அதே கடல்வழியில் சென்றது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து அரசு 1912இல் ஹார்வி ஜான்ஸ்டன், ஹென்றி டிரையன் ஆகிய இருவரைக் கள்ளியின் பகைகளைத் தேடி உலகம் சுற்ற அனுப்பியது. அவர்கள் முயற்சியால் இலங்கைப் பூச்சி அங்கும் சென்றது. டுலக்கா ஆய்வு நிலையத்தை நடத்திய ஜீன் ஒயிட் என்னும் பெண் அறிவியலாளர் அதனைப் பெருக்கினார். வட குவீன்ஸ்லாந்தில் மொனகாந்தா ஒழிந்தது.

ஆயினும் ஆஸ்திரேலியாவின் பெருந்துயர் அந்த இனத்தால் விளைந்ததன்று. 1788இல் முதற் கப்பற்படையினர் இதே சாய நோக்கத்துடன் ரியோவிலிருந்து சிட்னிக்குக் கள்ளியைக் கொண்டுசென்றனர்; பின்னர் வேலிக்கும் தோட்ட அழகுக்கும் வேறினங்கள் சென்றன. அவற்றுள் ஒன்று 1925அளவில் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தை மூடியது. அதை இலங்கைப் பூச்சி தொடவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து வந்த அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்களே அக்காட்டை வீழ்த்தின. நன்றி மறவாத உழவர்கள் பூனார்கா என்னும் சிற்றூரில் 1936இல் அப்பூச்சியின் பெயரால் மண்டபம் எழுப்பினர்.

இதே சிக்கல் தமிழகத்திலும் நேர்ந்திருந்தது. மொனகாந்தா ஒழிந்தபின் டில்லெனி என்னும் வேறொரு சப்பாத்திக்கள்ளி மேய்ச்சல் நிலங்களிலும் ஊர்ப் புறங்களிலும் அடர்ந்தது. ஊரார்க்கு இரண்டும் ஒரே நாகதாளி. பூச்சிக்கு அவை வேறு. டில்லெனியில் அது வாழாது. பஞ்ச காலத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குத் தீனியாக்குவதும், சிறுவர் செம்பழத்தைத் தேய்த்து முள்ளகற்றித் தின்பதும் தவிர அதனால் பயன் சிறிது; புதரில் பாம்பு தங்கும் என்ற அச்சமோ பெரிது. கூலி கொடுத்து வெட்டிப் புதைப்பது நிலத்தின் விலைக்குக் கட்டுபடியாகவில்லை.

தீர்வு மீண்டும் கடல்வழியே வந்தது. டில்லெனியை உண்ணும் வேறொரு கொச்சினீல் இனம் (டாக்டிலோபியஸ் ஒப்புன்ஷியே) ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், அங்கிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்கும் வந்தது. பூச்சி பற்றிய மடல்களை ஒடித்து நல்ல புதரில் வைத்தாலே போதுமானதாயிருந்தது. சில ஆண்டுகளுக்குள் தென்மாவட்டங்களிலும் கோவைப் பகுதியிலும் கள்ளிக்காடுகள் கருகிச் சாய்ந்தன. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் பணியாற்றிய டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1931இல் இப்பூச்சியினங்களைப் பற்றி எழுதினார்.

இங்கு அகராதியியலார்க்கும் ஒரு செய்தி உண்டு. இந்திரகோபம், தம்பலப்பூச்சி ஆகிய சொற்களுக்குக் கொச்சினீல் எனப் பொருள் தரும் அகராதிகள் சில. முதல் மழையில் செம்மண்ணில் ஊரும் பட்டுப்போன்ற செந்நிறச் சிற்றுயிரே தம்பலப்பூச்சி. சங்க நூல்களின் மூதாயும் அதுவே. கள்ளியில் ஒட்டியிருக்கும் சாயப்பூச்சிக்கும் அதற்கும் நிறமன்றி உறவில்லை. நாட்டின் தோற்றத்தையே மாற்றிய பூச்சிக்குத் தமிழில் தனக்கென நிலைத்த பெயரில்லை.

கள்ளி போனபோது வேலியும் போயிற்று. அதனை வரவு செலவுக் கணக்கில் சேர்த்தவர் அரியர். முள்கம்பி வாங்க இயலாத புன்செய் உழவனுக்கு உயிர்வேலி தேவையாகவே இருந்தது. 1870களிலேயே சென்னை மாகாணக் காடுகளின் அதிகாரி பெட்டோம் வேண்டுகோளின்பேரில் ஜமைக்காவிலிருந்து விதை வருவிக்கப்பட்ட மரம் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விடத்தை நிரப்பியது. விறகுக்கும் கரிக்கும் உதவிய அதனைத் தமிழர் சீமைக்கருவேலம் என்றனர். பல ஊர்களில் அதன் பெயர் வேலிக்காத்தான். இராமநாதபுரத்துக் கண்மாய்களை அது அடைத்தது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டது. இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டையை அடுத்த புந்தல தேசியப் பூங்காவில் டில்லெனிக் கள்ளியும் சீமைக்கருவேலமும் இன்று ஒரே மணலில் அருகருகே நின்று, வலசைப் பறவைகள் தங்கும் களப்புகளின் கரையை நெருக்குகின்றன.