மறுமொழி தரும் கிரகம்: விண்குடியேற்ற விளையாட்டுகளில் புவியாக்கத்தின் வடிவமைப்பு

அயற்கிரகமொன்றின் வாயுமண்டலத்தையும் உஷ்ணத்தையும் நீர்நிலையையும் திருத்தி, அதை மனிதவாசத்துக்கு உகந்ததாக்கும் முயற்சி, டெர்ராஃபார்மிங் என்றும் புவியாக்கம் என்றும் வழங்கும் அம்முயற்சி, விஞ்ஞானிகளின் கணக்கில் ஏறுமுன்பே கதாசிரியர்களின் கற்பனையில் உருக்கொண்டுவிட்டது. 1942-இல் ஜாக் வில்லியம்சன் எழுதிய சிறுகதையொன்றில் வழக்குக்கு வந்த அச்சொல், 1961-இல் கார்ல் சேகன் வெள்ளியின் மேகமண்டலத்தில் பாசியினங்களைத் தூவிக் கரியமிலவாயுவைக் குறைப்பது பற்றிச் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய பின்னர் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. 1991-இல் மக்கே, டூன், காஸ்டிங் என்னும் மூவர் ‘நேச்சர்’ இதழில் செவ்வாயை வாழத்தக்கதாக்கும் வழிகளை முறைப்பட ஆராய்ந்தபோது அதற்கு ஒரு சாஸ்திர அந்தஸ்தும் கிட்டியது. கதையிலிருந்து ஆய்வேட்டுக்கும், ஆய்வேட்டிலிருந்து கணினித் திரைக்கும் பெயர்ந்த இவ்வெண்ணம், மூன்றாவது இடத்தில் எவ்வாறு வடிவம் பெறுகிறது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். குடியேற்றம் அமைக்கும் வீடியோ விளையாட்டில் புவியாக்கம் உயிருள்ளதாகத் தோன்றுவது, அதில் வரும் எண்கள் விஞ்ஞானத்தோடு எவ்வளவு இசைகின்றன என்பதைக் காட்டிலும், ஆடுபவன் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் கிரகம் தன் சுபாவத்துக்கேற்ற மறுமொழியைத் தருகிறதா என்பதையே பெரிதும் பொறுத்தது என்பது என் கட்சி.

இதற்கு மாறான வடிவமைப்பின் தெளிவான உதாரணம், பிரான்ஸைச் சேர்ந்த மிஜு கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கி 2024-இல் முழுமையாக வெளியிட்ட ‘தி பிளானட் கிராஃப்டர்’. தண்டனை பெற்ற கைதியொருவன் பாழ்ங்கிரகமொன்றில் தனியே இறக்கிவிடப்படுகிறான். அவன் நாட்டும் கருவிகள் பிராணவாயுவையும் உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் உயிர்ப்பொருளையும் பெருக்குகின்றன. இந்நான்கின் தொகையே புவியாக்கக் குறியீடு என்ற ஒரே எண்ணாகத் திரையில் ஏறிக்கொண்டிருக்கிறது. உஷ்ணத்துக்கு ஓர் அலகு, அழுத்தத்துக்கு வேறோர் அலகு, வாயுவுக்கு மற்றுமோர் அலகு. படியையும் முழத்தையும் நாழிகையையும் ஒன்றாய்க் கூட்டி ஒரு தொகை சொல்வதைப் போன்ற இக்கணக்கைப் பௌதிகம் பயின்றவர் எவரும் நகைப்புடனேயே நோக்குவர். ஆனால் நகைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது. செம்மண் நிறமாயிருந்த வானம் ஒரு கட்டத்தில் நீலமாவதும், பின் மேகம் திரள்வதும், பின் முதல் மழை விழுவதும் அவ்வெண்ணின் படிகளிலேயே கோக்கப்பட்டுள்ளன. தான் செய்த வேலையின் பலனை வானத்திலேயே காணும் அந்த ஆனந்தம் பொய்யன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த எண் ஒருபோதும் இறங்குவதில்லை. ஒன்றை மிகுத்தால் மற்றொன்று கெடும் என்ற நிலையே அங்கு இல்லை. ஆகவே எதை முதலில் செய்வது, எதை ஒத்திவைப்பது என்னும் விவேகத்துக்கு வேலையில்லாமல், கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் உழைப்பு ஒன்றே எஞ்சுகிறது; கிரகமோ நிரப்பப்படக் காத்திருக்கும் வெறுங் களஞ்சியமாக நின்றுவிடுகிறது.

பல்கேரியாவின் ஹேமிமாண்ட் கேம்ஸ் உருவாக்கிய ‘சர்வைவிங் மார்ஸ்’ 2018 மார்ச்சில் வெளிவந்தது. அதற்கு மறு ஆண்டு மே மாதத்தில் சேர்க்கப்பட்ட ‘கிரீன் பிளானட்’ என்னும் விரிவு, புவியாக்கத்தை ஒரே தொகையாக்காமல் வாயுமண்டலம், உஷ்ணம், நீர், தாவரம் என நான்கு சதவீதங்களாகப் பிரித்து வைத்தது. இது ஒரு படி முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. விஷமழையும் செவ்வாய் நடுக்கமும் இவ்விரிவோடு வந்த இடர்கள். மாற்றத்துக்கு ஒரு விலை உண்டென்பதை ஆடுபவன் அவற்றால் உணர்கிறான். பாசிப்படர்விலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து புதருக்கும் மரத்துக்கும் தாவரம் ஏறும் வரிசையில் மண்ணின் தரம் ஒரு தடையாக நிற்பதும் நல்ல யுக்தியே. காற்று சுவாசிக்கத்தக்கதானதும், அதுகாறும் மூடியிருந்த கண்ணாடிக் கவிகைகளைத் திறந்துவிடலாம் என்னும் ஏற்பாடு, நெடுநேரம் ஆடியவனுக்கு அளிக்கும் நிறைவைச் சொல்லி முடியாது. இருந்தும் நான்கு சதவீதங்களும் பெரும்பாலும் தத்தம் வழியே ஏறுகின்றன. உஷ்ணத்தை வளர்ப்பதற்கென ஒரு கட்டடம், வாயுவை வளர்ப்பதற்கென ஒரு கட்டடம் என்று காரணங்கள் பங்கிடப்பட்டிருப்பதால், ஒன்றன் காரியம் மற்றொன்றன் காரணமாகும் அந்தச் சங்கிலி பலவீனமாகவே இருக்கிறது.

அந்தச் சங்கிலியே செவ்வாயின் மெய்யான சுவாரஸ்யம். அதன் தரைமீது வாயுவின் அழுத்தம் சராசரி 6 மில்லிபார் அளவே. பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. செவ்வாயின் அவ்வாயுவில் 95 சதவீதம் கரியமிலவாயு. சராசரி உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 60 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கிறது. 1993-இல் ராபர்ட் ஸூப்ரினும் மக்கேயும் சேர்ந்து செய்த கணக்கின்படி, தென்துருவத்தின் உஷ்ணத்தை ஏறக்குறைய 4 பாகை உயர்த்திவிட்டால் அங்கு உறைந்திருக்கும் கரியமிலவாயு ஆவியாகும். ஆவியானது வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும். அவ்வெப்பம் மேலும் பனியை ஆவியாக்கும். இப்படி ஒரு கட்டத்துக்கு அப்பால் மனிதன் கைவிட்டாலும் காரியம் தானே நடக்கும். அதற்கென அவர்கள் 125 கிலோமீட்டர் ஆரமுள்ள கண்ணாடியொன்றை ஆகாயத்தில் நிறுத்த எண்ணினார்கள். இத்தகைய வரம்புநிலை, விளையாட்டு வடிவமைப்பாளனுக்குக் கிடைத்த நிதி. நெடுநேரம் எதுவும் அசையாமல், பின் எல்லாம் ஒருங்கே அசைந்து, கட்டுக்கும் அடங்காமற் போகும் ஒரு கிரகத்தைச் சதவீதப் பட்டை ஒருநாளும் காட்டாது.

2018-இலேயே இதற்கொரு மறுப்பும் வந்தது. புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில், செவ்வாயில் எடுக்கத்தக்க கரியமிலவாயுவையெல்லாம் கணக்கிட்டு, துருவப் பனி முழுவதையும் ஆவியாக்கினாலும் அழுத்தம் இருமடங்குதான் ஆகும், அதாவது பூமியினுடையதில் 1.2 சதவீதத்தைத்தான் எட்டும் என்றும், வேறு மூலங்களைச் சேர்த்தாலும் இன்றைய தொழில்நுட்பத்தால் புவியாக்கம் கைகூடாதென்றும் காட்டினர். ‘கிரீன் பிளானட்’ விற்பனைக்கு வருவதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன்னரே அதன் அடிப்படையை விஞ்ஞானம் அசைத்துவிட்டது எனலாம். விளையாட்டு பொய்த்துவிட்டதென்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை; மாறாக, வரம்புக்குட்பட்ட கையிருப்பு என்னும் இவ்வுண்மை, எல்லையில்லாமல் வாயு கக்கும் ஆலைகளைவிட வளமான விளையாட்டுப் பொருள் என்றே நான் கருதுகிறேன். துருவப் பனியை இப்போதே செலவிடுவதா, அன்றி வெளியிலிருந்து பொருள் வரும்வரை காத்திருப்பதா என்று ஆடுபவன் தயங்கும்போதுதான் அவன் கிரகத்தோடு வாதிடத் தொடங்குகிறான்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பிணைத்துவிட்டால் போதுமா என்று கேட்பாருக்கு விடையாக 1990-லேயே ஒரு சோதனை நடந்தது. மாக்ஸிஸ் நிறுவனத்தின் வில் ரைட் வடிவமைத்த ‘சிம்எர்த்’, கையா கருதுகோளின் ஆசிரியராகிய ஜேம்ஸ் லவ்லாக்கின் ஆலோசனையோடு எழுந்தது. அவரும் ஆண்ட்ரூ வாட்சனும் 1983-இல் வகுத்த, கறுப்பு டெய்சியும் வெள்ளை டெய்சியும் தம் நிறத்தாலேயே உஷ்ணத்தைச் சமன்செய்யும் கற்பனை உலகமும் அதில் ஓர் அங்கமாக இடம்பெற்றது. செவ்வாயையும் வெள்ளியையும் அதில் திருத்தலாம். பனி விண்கற்களை வீழ்த்தலாம். பிராணவாயு தரும் யந்திரத்தை நிறுவலாம். வாயுவும் உஷ்ணமும் உயிரும் அங்கு மெய்யாகவே ஒன்றையொன்று தொடர்கின்றன. ஆனால் கடல் திடீரென்று வற்றுகையில், அது தான் முன்னே செய்த எச்செயலின் விளைவென்று ஆடுபவனுக்குப் புலப்படுவதில்லை. வரைபடங்கள் பல ஏறுகின்றன, இறங்குகின்றன. காரணம் மட்டும் திரைக்குப் பின்னே நிற்கிறது. மறுமொழி தரும் கிரகம் வேண்டுமென்று நான் சொல்வதில், அம்மொழி கேட்பவனுக்கு விளங்க வேண்டுமென்ற நிபந்தனையும் அடங்கும். மேசைமீது ஆடும் ‘டெர்ராஃபார்மிங் மார்ஸ்’ இவ்வகையில் வியக்கத்தக்கது. ரசாயனம் கற்ற ஸ்வீடிஷ்காரராகிய யாக்கோப் ஃப்ரிக்ஸீலியுஸ் 2016-இல் வெளியிட்ட அதில் உஷ்ணம் −30-லிருந்து +8 வரை, பிராணவாயு 14 சதவீதம் வரை, சமுத்திரங்கள் ஒன்பது, இவ்வளவே கணக்கு. பிராணவாயு 8 சதவீதத்தைத் தொட்டதும் உஷ்ணம் ஒரு படி ஏறுகிறது. உஷ்ணம் பூஜ்யத்தைத் தொட்டதும் ஒரு சமுத்திரம் பிறக்கிறது. இவ்விரண்டு சிறு விதிகளில், அட்டைப் பலகையின்மேல் எவரும் விரல் வைத்துக் காட்டத்தக்க வகையில், காரண காரியத் தொடர்பு அமைந்துவிடுகிறது. இதன் வீடியோ வடிவமும் அவ்விதிகளையே பின்பற்றுவது.

நான் கண்டவற்றுள் இத்தத்துவத்தை மிக நெருங்கியது, அர்ஜென்டினாவின் ட்லோன் இண்டஸ்ட்ரீஸ் உருவாக்கி, 2020 டிசம்பரில் வெளிவந்த ‘பெர் ஆஸ்பெரா’. (எழுத்தாளர் போர்ஹெஸின் புகழ்பெற்ற கதையொன்றிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட நிறுவனம், கற்பித்த உலகத்தை மெய்யுலகமாக்கும் விளையாட்டைச் செய்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.) இதில் ஆடுபவன் மனிதனல்லன், அமி என்னும் செயற்கைப் பிரக்ஞை. நிலப்பரப்போ செவ்வாயின் மெய்யான மேடுபள்ளங்களின்படி அமைந்தது. தொடக்கத்தில் சமதளமான தாழ்நிலத்தில் பாதை போடுவது எளிது. ஆகவே இரும்புச் சுரங்கமும், சிலிக்கன் சுரங்கமும், அவற்றிலிருந்து வரும் பொருளைப் பயன்படுத்தும் ஆலைகளும் இயல்பாகவே பள்ளங்களில் பெருகுகின்றன. பின்னர் உஷ்ணமும் அழுத்தமும் உயர உயர, நெடுங்காலம் உறைந்திருந்த நீர் இளகி அதே பள்ளங்களைத் தேடி வருகிறது. விளிம்பிலுள்ள கட்டடங்கள் முதலிலும், நடுவிலுள்ளவை பின்னுமாக நீரில் மூழ்குகின்றன. எதிரியொருவன் வந்து தாக்கியதனால் நேர்ந்த நஷ்டமன்று இது. தான் நாடிய வெற்றியே தன் பழைய வேலைகளை விழுங்குகிறதென்பதை ஆடுபவன் பிரத்தியட்சமாகக் காண்கிறான். நீர் எங்கே வரும் என்பது உயரப்படத்தைப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும். ஆதலால் இது சூழ்ச்சியுமன்று. தெரிந்தும் அவசரத்தால் பள்ளத்தில் கட்டியவனுடைய பிழையைக் கிரகம் எடுத்துச் சொல்லுகிறது.

இனிக் காலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செவ்வாயை வெதுவெதுப்பாக்க ஏறத்தாழ 100 ஆண்டுகளும், தாவரங்களைக் கொண்டு அதன் காற்றைச் சுவாசிக்கத்தக்கதாக்க 1,00,000 ஆண்டுகளும் ஆகுமென்பது மக்கேயின் மதிப்பீடு. விளையாட்டுகள் இதைச் சில நூறு ‘சோல்’களாக, அதாவது செவ்வாய் நாட்களாக, சுருக்கிவிடுகின்றன. சுருக்குவது குற்றமன்று, நாடகமும் இதிகாசமும் என்றும் செய்து வருவதே அது. குற்றம் வேறு: மேற்சொன்ன இரண்டு காலங்களுக்கும் இடையேயுள்ள ஆயிரம் மடங்கு வித்தியாசத்தையும் சேர்த்து அழித்துவிடுவது. வெப்பம் விரைந்து வருகிறது. பிராணவாயு தாமதித்து வருகிறது. இடைப்பட்ட நெடுங்காலம் முகமூடியோடு வெளியே உலவக்கூடிய, ஆனால் முகமூடியைக் கழற்ற முடியாத ஒரு யுகம். அழுத்தவுடை தேவையற்றுப் போயும் சுவாசக்குழாய் தேவைப்படும் அந்த யுகத்தைத் தனிக் கட்டமாக்கி, அதற்குரிய தொழில்களையும் வீடுகளையும் நோய்களையும் வகுத்த விளையாட்டு எதையும் நான் இதுவரை ஆடியதில்லை.

காலத்தை இவ்வாறு பிரித்து வைப்பதில் நடைமுறை லாபம் ஒன்றும் உண்டு. ஆடுபவனின் கையில் எப்போதும் ஓர் அஸ்திரம் இருக்கிறது: முன்பு சேமித்த நிலைக்குத் திரும்பிவிடுவது. பள்ளத்தில் கட்டிய ஆலை மூழ்கினால், மூழ்குவதற்கு முந்திய சேமிப்பைத் திறந்து, அதை மேட்டில் கட்டிவிட்டால் தீர்ந்தது. கிரகத்தின் மறுமொழி இவ்வாறு பொருளிழந்துபோகிறது. சேமிக்கும் வசதியைப் பறிப்பது கொடுமை. நாற்பது மணி நேரம் ஆடியவனுக்கு அது செய்யத்தகாத அநியாயம். ஆனால் காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே போதிய தூரம் இருந்தால், பனி இளகத் தொடங்கிய நாளுக்கும் நீர் வாசலுக்கு வரும் நாளுக்கும் நடுவே ஆடுபவன் பத்து ஊர்களைக் கட்டி, நூறு குழந்தைகளைப் பிறக்க விட்டிருந்தால், அவ்வளவையும் துறந்து பின்னே செல்ல அவன் மனம் லேசில் ஒப்பாது. மூழ்கும் ஆலையிலிருந்து எதை எடுத்துச் செல்லலாம், எதை நீருக்கு விடலாம் என்று அவன் இருக்கிற நிலைமையிலேயே கணக்குப் பார்க்கத் தொடங்குவான்.