வக்கீல் பீஸ் இல்லாதவர்களின் வரலாறு

(மேலவளவில் உயிர் ஈந்தவர்களின் நினைவாக அவனியாபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும் அவர்களோடு நான்கு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரைக்கு வந்து கலெக்டர் ஆபீசில் முறையிட்டுவிட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் அது நடந்தது. தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் தேர்தலில் நின்றார்கள், வென்றார்கள், குறை இருந்தபோது மனு கொடுத்தார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை சட்டத்தின் பாதையிலேயே நடந்தவர்கள் அவர்கள். அந்தப் பாதையில் நடக்க நம் மக்களுக்கு என்ன செலவாகிறது, அந்தச் செலவை இதுவரை யார் கொடுத்தார்கள், இனி யார் கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

காசு இருந்தால் லண்டன் வரை

இந்தத் தென்சீமையின் பழைய வழக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1897இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரைக் கோர்ட்டில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போனது, அங்கிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் போனது. 1908இல் அங்கேயும் தோற்றார்கள்.

ஆனாலும் கவனியுங்கள், தோற்பதற்கே லண்டன் வரை போக முடிந்திருக்கிறது. கையில் வியாபாரம் இருந்தது, உறவின்முறை இருந்தது, மகமைப் பணம் இருந்தது. அதே காலத்தில் அதே கோயில் வாசலுக்கு வெகுதூரத்தில் நிறுத்தப்பட்டிருந்த பள்ளர், பறையர், சக்கிலியர் பெயரில் அப்படி ஒரு வழக்கு இல்லை. குறை இல்லாததாலா? இல்லை. கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் பீஸும் இல்லாததால். ஆவணக் காப்பகத்தில் வழக்குக் கட்டு இல்லை என்பதற்காக அங்கே அநீதி இல்லை என்று எந்த ஆய்வு மாணவரும் எழுதிவிடக் கூடாது. வழக்கில்லாமையும் ஒரு சான்றுதான்.

நல்ல மனம் படைத்த வக்கீல்கள்

அடுத்த கட்டம் நல்ல மனம் படைத்த வக்கீல்களின் காலம். மதுரை அதற்குப் பெயர் பெற்ற ஊர். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க வைக்கப்பட்ட பிரமலைக் கள்ளர்களுக்காகவும், பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகவும் நின்றவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. 1939 ஜூலை 8 அன்று நம்மவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன வைத்தியநாத ஐயரும் வக்கீல்தான். அந்த நுழைவுக்குப் பிறகு சம்பந்தப்பட்டவர்களை வழக்குகளிலிருந்து காக்க, அன்றைய ராஜாஜி அரசு அவசரச் சட்டமே போட்டது. ஆக, அரசு மனம் வைத்தால் சட்டப் பாதுகாப்பு சில நாட்களில் வந்துவிடும்.

நம் தரப்பிலிருந்தே எழுந்து வந்த வக்கீல் அண்ணல் அம்பேத்கர். 1923இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் தண்ணீர் குடித்ததற்காக அவர்மீதே சிவில் வழக்கு வந்தது. குளம் தனிச்சொத்து என்று சாதி இந்துக்கள் வாதாடினார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச்சில். ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருட வழக்கு! பிரதிவாதிகளில் ஒருவர் பாரிஸ்டராக இல்லாதிருந்தால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வக்கீலாக இருந்தபோது சந்துரு நடத்திய ராசாக்கண்ணு வழக்கின் கதை அது. அப்படிப்பட்டவர்களுக்கு நம் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் நீதி, நல்லவர் ஒருவர் கிடைப்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. கிடைத்தால் நீதி, கிடைக்காவிட்டால் விதி என்றால் அது தர்மம். தர்மம் கேட்பவருக்கு உரிமை கிடையாது.

தர்மம் உரிமையான விதம்

தர்மம் உரிமையாக மாற வெகுகாலம் ஆனது. பழைய சிவில் நடைமுறைச் சட்டத்தில் 'பாப்பர்' என்று தன்னை அறிவித்துக்கொண்டால் கோர்ட்டுக் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம். முதலில் தன்னைப் பிச்சைக்காரன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகுதான் நீதி. 1973இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு இலவச சட்ட உதவி பற்றி அறிக்கை தந்தது. 1976இன் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்தது. வறுமையாலோ வேறு குறையாலோ ஒருவருக்கும் நீதி மறுக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றது.

உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில், விசாரணைக் கைதிகளாகவே பல வருடம் கிடந்த பீகார் ஏழைகளை வைத்து, இலவச சட்ட உதவி 21ஆவது பிரிவின் பகுதி என்றது. 1986இல் சுக் தாஸ் வழக்கில், கைதி கேட்காவிட்டாலும் இந்த உரிமை இருக்கிறது என்று சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் பொறுப்பு என்று சொல்லி, வக்கீல் இல்லாமல் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது.

1987இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் 12ஆவது பிரிவை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்யுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், சாதி வன்கொடுமைக்கு ஆளானவர்கள் ஆகிய எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு இவர்களுக்குக் கிடையாது, மற்றவர்களுக்குத்தான். "வருமானச் சான்று எங்கே?" என்று நம்மிடம் யாராவது கேட்டால் அது சட்டத்தில் இல்லாத கேள்வி.

மேலவளவு வழக்கு கற்றுத் தந்தது

மீண்டும் மேலவளவுக்கு வருவோம். இச்சட்டமும் இருந்தது, 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருந்தது. ஆனால் உள்ளூரில் சாட்சிகள் பயமின்றி நிற்க முடியாத நிலை. விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது. மேலவளவிலிருந்து சேலம் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். கூலிக்குப் போகிறவர் சாட்சி சொல்லப் போகும் நாள் கூலி இல்லாத நாள். வாய்தா போட்டால் இரண்டு நாள். மதுரை வழக்கறிஞர் பொ.இரத்தினம் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் உறுதியாக நின்றார். 2001 ஜூலையில் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2006இல் உயர்நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2019 நவம்பரில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அதை எதிர்த்தும் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. கொலை நடந்து 22 வருடம் கழித்தும் வக்கீல் தேவைப்பட்டார்.

இதில் அமைப்பின் ஓட்டை ஒன்று தெரிகிறது. கிரிமினல் வழக்கில் வசதியற்ற குற்றவாளிக்கு அரசு வக்கீல் வைத்துத் தரும். அது சரியான ஏற்பாடு, பொய் வழக்கில் மாட்டுகிறவர்களில் நம் பிள்ளைகளும் நிறைய. ஆனால் பாதிக்கப்பட்டவருக்காக அரசுத்தரப்பு வழக்கறிஞர் இருக்கிறாரே, தனி வக்கீல் எதற்கு என்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைப் பிரிவு விடுபட்டாலும், ஜாமீன் மனு எதிர்ப்பில்லாமல் போனாலும், சாட்சி மிரட்டப்பட்டாலும் உடனே தட்டிக் கேட்கத் தனி வக்கீல் வேண்டும்.

சட்டம் இப்போது இதற்கு இடம் தருகிறது. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவின்படி, ஜாமீன் உள்ளிட்ட விசாரணைகளில் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல், தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர் துணையைப் பெறுவதும் உரிமை. சாட்சிகளுக்குப் பயணப்படியும் உணவுச் செலவும் தர 1995 விதிகளில் வழி இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும்.

இங்கே, இப்போது

2004 ஜூலைக்கு முன் உயர்நீதிமன்றம் என்றால் நமக்குச் சென்னை. இன்று அவனியாபுரத்திலிருந்து ஒத்தக்கடை பக்கம் போனால் போதும். நம் ஊர் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது, எல்லாச் சமூகத்துக்கும் அதில் இடம் உண்டா என்ற கேள்விகூட அந்தக் கிளையின் படியேறியது. 2020இல் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் மேற்பார்வையில் விழா நடந்தது. வாடிவாசல் மரியாதைக்கே கோர்ட் வேண்டியிருக்கிற ஊரில், பட்டா நிலத்துக்கும் கூலிப் பாக்கிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் கோர்ட் வேண்டாமா?

அதனால் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகாவுக்கும் குழு உண்டு, உயர்நீதிமன்றக் கிளைக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் பேசலாம். வெள்ளைத்தாளில் தமிழில் மனு எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல அங்கே எழுதிக்கொள்ள வேண்டும். நியமிக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் காசு கேட்கக் கூடாது, கேட்டால் புகார் கொடுங்கள். மனுவைத் தள்ளினால் மேல்முறையீடு உண்டு. வன்கொடுமை வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சமரசத்துக்கு உட்படாத குற்றங்கள் அங்கே போகவே முடியாது.

சேரிக்கு இரண்டு பேர் இதைக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சிகளோடு பஸ் ஏறினால் அதுவே பெரிய இயக்கம். முருகேசனும் தோழர்களும் மனுவோடு பஸ் ஏறியவர்கள். அவர்கள் தனியாகப் போனார்கள். நாம் யாரையும் தனியாக அனுப்ப மாட்டோம்.