மறதிக்கு ஒரு மாற்று

சர்வர் என்றதும் நம்மில் பலருக்குச் சிற்றுண்டிச்சாலைச் சிப்பந்தியே நினைவுக்கு வருவார். இணையத்துச் சர்வரும் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதுதான். ஆயினும் அதற்குப் பிறவி மறதி. இட்டலி கேட்டவரே அடுத்த நொடியில் சட்டினி கேட்டாலும், 'தாங்கள் யார்?' என்று விழிக்கும். ஒவ்வொரு வேண்டுகோளும் முந்தியதோடு தொடர்பற்றது என்பதே அங்கு வகுக்கப்பட்ட நெறி. ஏடுகளைப் படிக்க அது போதும். கடை நடத்தப் போதாது.

1994-ஆம் ஆண்டில் இக்குறை அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் முன் வந்து நின்றது. வாங்குவோர் கூடையில் இட்டவற்றைத் தன் கணிப்பொறியில் காத்து வைத்திருக்க வாடிக்கை நிறுவனம் ஒன்று விரும்பவில்லை. நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மொண்டுல்லி வழி கண்டார். சர்வர் சிறு குறிப்பொன்றை எழுதிப் பிரவுசரிடமே கொடுத்துவிடும். மறுமுறை வரும்போது பிரவுசர் அதைக் காட்டும். அதற்குக் 'குக்கி' என்று பெயர். பிரவுசருக்கு நிலையான எண் ஒன்றை இட்டுவிடுவது இதனினும் எளிது. ஆனால் அந்த எண் போகுமிடமெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் அதை ஒதுக்கினார். எழுதிய தளத்துக்கே குறிப்பு திரும்ப வேண்டும் என வரம்பிட்டார். அவர் செயல்களுள் இந்த வரம்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

குக்கிக்குத் துணையாக நிற்பது திசைதிருப்பல். கடவுச்சொல் சரியென்று கண்டதும் சர்வர் குக்கியை எழுதி, 'இன்ன முகவரிக்குச் செல்க' என்றும் எழுதும். பிரவுசர் அங்கே போய்க் குக்கியை நீட்டும். இரண்டும் மறுமொழியின் தலைப்பு வரிகள். கடிதத்தின் உறைமேல் எழுதுவது போன்றவை. பக்கத்தின் முதல் எழுத்து புறப்பட்டபின் எழுத இயலாது. திசைதிருப்பும் 302 என்ற எண்ணுக்கு விதி ஒரு பொருள் சொல்ல, பல பிரவுசர்கள் வேறு பொருள் கொண்டன. எனவே 1997 ஜனவரியில் வந்த விதியில் 303 சேர்ந்தது: படிவத்தை மீண்டும் அனுப்பாதே, புதுப் பக்கத்தை மட்டும் கேள் என்பது அதன் பொருள்.

மொண்டுல்லியின் வரம்பிலும் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு பக்கத்தில் வேறொரு தளத்தின் விளம்பரப் படம் இடம்பெறலாம். அப்படத்தை அனுப்பும் சர்வரும் குக்கி எழுதலாம். அதே விளம்பரக்காரர் நூறு தளங்களில் படம் வைத்தால், நூறிலும் ஒருவரைப் பின்தொடரலாம். 1996 பிப்ரவரியில் லண்டன் 'பைனான்ஷியல் டைம்ஸ்' குக்கியைப் பற்றி எழுதிய பிறகே பொதுமக்கள் கலங்கினர். மறு ஆண்டு பிப்ரவரியில் டேவிட் கிரிஸ்டலும் மொண்டுல்லியும் எழுதிய விதி, இத்தகைய அயலார் குக்கிகளைப் பயனர் கேட்டாலொழிய ஏற்கலாகாது என்றது. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் அதைப் பின்பற்றவில்லை. விதியை எழுதியவருள் ஒருவர் நெட்ஸ்கேப்காரர் என்பதை நினைக்க எனக்கு வியப்பே.

இருபத்து மூன்று ஆண்டுகள் சென்று, 2020 மார்ச்சில் சஃபாரி அவற்றை முற்றும் தடுத்தது. தடுக்கப்போவதாக அதே ஆண்டில் அறிவித்த குரோம், 2024 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டது.