வன்னியில் தங்கிவிட்ட டாக்டர்கள்

மதுரை செல்லூரில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் வீட்டார் யோசிப்பதில்லை. ஆட்டோ பிடித்து நேரே கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். நடு ராத்திரியானாலும் அங்கே ஒரு டாக்டர் இருப்பார் என்ற நம்பிக்கை. 2009-ல் இலங்கையின் வடக்கே ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த கடைசிப் போரில், வன்னியில் சிக்கிக்கொண்ட ஏறக்குறைய மூன்று லட்சம் தமிழர்களுக்கு மிஞ்சியிருந்ததும் இந்த ஒரு நம்பிக்கைதான். அதைக் காப்பாற்றியவர்கள் இலங்கை அரசின் சம்பளப் பட்டியலில் இருந்த அரசு டாக்டர்கள்.

2008 செப்டம்பரில் கொழும்பு உத்தரவு போட்டது. ஐ.நா. ஊழியர்களும் வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளும் கிளிநொச்சியைவிட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று ஜனங்கள் அவர்கள் வாசலில் நின்று கெஞ்சியும் பலனில்லை. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு தங்கியது. டாக்டர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலிய சிலர் தங்கினார்கள்.

உள்ளே இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றது அரசு. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ சுமார் 2,90,000 பேர். இந்தக் கணக்கு வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தலையை எண்ணித்தான் அரிசியும் மருந்தும் அனுப்புவார்கள். அறுவை சிகிச்சைக்கான மருந்துகள் போதிய அளவு வந்து சேரவே இல்லை.

அதன் விளைவை 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை விவரிக்கிறது. சரியான மயக்க மருந்து இல்லாமல் கை கால்களை எடுத்தார்கள். அதற்கும் கறிக்கடைக் கத்திதான் கிடைத்தது. காயத்துக்குக் கட்டுப்போடத் துணியும் பிளாஸ்டிக் பையும். ஏற்ற ரத்தம் இல்லாததால், நோயாளியின் உடம்பிலிருந்து வழிந்த ரத்தத்தையே பிடித்து, துணியில் வடிகட்டி, மறுபடி அவர் நரம்பிலேயே ஏற்றினார்கள். படித்த படிப்பு எதிலும் இதைச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

2009 பிப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் 500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். மேசைக்கு அடியிலும் நடையிலும் வாசலிலும் படுத்திருந்தார்கள். அது எங்கே இருக்கிறது என்பது ராணுவத்துக்கு நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் அங்கே திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது. புலிகளும் ஜனங்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், ஜனங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே பீரங்கி அடித்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

நோயாளிகளோடு டாக்டர்கள் புதுமாத்தளன் கடற்கரைக்குப் போனார்கள். ஒரு பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானது. பிப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் குழு கடல்வழியே காயம்பட்டவர்களும் உறவினர்களுமாகக் கிட்டத்தட்ட 14,000 பேரை வெளியே கொண்டுவந்தது. அதே சமயம் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவும் ஆஸ்பத்திரி நடத்தியது. இந்தியாவை நன்றியோடு நினைக்கும்போது 1987 தீபாவளியும் நினைவுக்கு வந்தாக வேண்டும். அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் சுட்டது இந்திய அமைதிப்படை.

2009 ஏப்ரல் 20-க்குப் பிறகு ஆஸ்பத்திரி முள்ளிவாய்க்காலுக்கு நகர்ந்தது. மே மாதம் மிச்சமிருந்த நிலம், செல்லூரையும் கோரிப்பாளையத்தையும் சேர்த்தால் வருகிற அளவுதான். மே 2, மே 12 தேதிகளில் அந்த ஆஸ்பத்திரிமேலும் ஷெல் விழுந்தது.

போர்ப் பகுதியிலிருந்து வெளியே வந்த டாக்டர்களைப் போலீஸ் பிடித்துவைத்தது. ஜூலை 8-ம் தேதி காவலில் இருந்த நிலையிலேயே பத்திரிகையாளர்கள் முன்னால் உட்காரவைக்கப்பட்டு, சாவுக் கணக்கைக் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். கைதியின் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன். ஷெல்லடிக்கு நடுவே வெளியே இருந்தவர்களுக்குப் போனில் அவர்கள் சொன்னதுதான் சாட்சியம்.

தப்பியவர்களைச் செட்டிகுளம் மெனிக் பாமில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். அங்கே அம்மையும் மஞ்சள்காமாலையும் வயிற்றுப்போக்கும் காத்திருந்தன. முகாமுக்கு எதிரே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆஸ்பத்திரி போட்டது.

ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது என்பது 1949 ஜெனீவா ஒப்பந்தங்களிலேயே இருக்கிறது. 2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 2286-ம் தீர்மானத்தில் அதையே மறுபடி வலியுறுத்தியது. வன்னி ஆஸ்பத்திரிகள்மேல் ஷெல் அடித்ததற்காக இன்றுவரை எந்த நீதிமன்றமும் ஒருவரைக்கூடத் தண்டிக்கவில்லை.

(தொடரும்)