பருந்தின் குடலுக்குப் போன மரபணு

2008 ஜனவரியில் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். இந்திய வம்சாவளிக்காரர். அதற்கு முந்தைய மாதம்தான் டெல்லியில் ஒரு மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லா கிருமி, டாக்டர்கள் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் மெரோபெனம் வகை மருந்துகளுக்கும் அசையவில்லை. அதற்குள் அதுவரை யாரும் பார்க்காத மரபணு ஒன்று இருந்தது. அவருடைய மலத்தில் இருந்த இ.கோலைக் கிருமியிலும் அதே மரபணு. ஒரே உடம்புக்குள் ஒரு வகைக் கிருமி இன்னொரு வகைக்கு அதைக் கைமாற்றிவிட்டிருக்க வேண்டும். 2009-இல் அதற்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். ‘என்.டி.’ என்றால் நியூ டெல்லி.

சுவீடனில் அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். பிறந்தது வேறிடம். 2012-இல் வந்த ஓர் ஆய்வு அந்த மரபணுவைப் பிரித்துப் பார்த்து, அது ஒட்டுப்போட்டது என்று காட்டியது. அதன் தலைப்பகுதி, அமிக்கசின் மருந்தை எதிர்க்கும் வேறொரு மரபணுவின் துண்டு. மீதி, வேறு எங்கோ ஏற்கெனவே இருந்த ஒரு நொதிக்குரியது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம் பெரும்பாலும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமியின் உடம்புக்குள்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டர் குழாய்களில், கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கிடக்கும் கிருமி அது. விதவிதமான மருந்துகள் ஓயாமல் இறங்கும் இடத்தில் பிழைத்தாக வேண்டிய கிருமிக்கு இப்படி ஓர் ஒட்டு பெரிய லாபம். இந்த மரபணு உண்டாக்கும் நொதி, துத்தநாக அணுக்களின் துணையோடு மருந்தின் நடுவில் உள்ள வளையத்தை உடைத்துவிடும். பென்சிலின், மெரோபெனம் உட்பட ஏராளமான மருந்துகளில் அந்த வளையம் உண்டு.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன். சென்னையில் மட்டும் 44 நோயாளிக் கிருமிகளில் என்.டி.எம்-1 இருந்ததை அது சொன்னது. நாடே கொதித்தது, ஆனால் பெயரில் டெல்லி இருப்பதற்காக! கோபம் பெயரோடு நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம்.

உண்மையில் பதற வைத்திருக்க வேண்டியது அடுத்த ஆண்டு வந்த கட்டுரை. டெல்லித் தெருக்களில் தேங்கிய தண்ணீரில் 171 மாதிரிகள் எடுத்தார்கள். 51-இல் அந்த மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2. காலராக் கிருமிக்குள்ளும் அது புகுந்திருந்தது. கிருமிக்குக் கிருமி அது மிகச் சுலபமாகத் தாவியது 30 டிகிரி வெப்பத்தில். நம் ஊர்க் குட்டையும் சாக்கடையும் வருஷத்தில் பெரும்பகுதி அந்தச் சூட்டில்தான் கிடக்கின்றன.

அந்தத் தண்ணீரில்தான் பறவை இறங்குகிறது. ஊர்ச் சாக்கடை ஏரியில் கலக்கிற வாய்க்கால் முனையைப் பாருங்கள். மடையான் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். நத்தைகுத்தி நாரை அலகைச் சேற்றில் விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். கோழிக்கடைக் கழிவைக் கொட்டும் இடத்தில் காகமும் கள்ளப்பருந்தும். இவற்றில் எதுவும் ஆயுளில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. நம் கழிவோடு நம் கிருமியையும் சேர்த்து விழுங்குகின்றன.

இது நேற்றைய செய்தியும் அல்ல. ஜப்பானில் புறாக்களிடமும் காகங்களிடமும் குளோராம்ஃபெனிகால் மருந்தை எதிர்க்கும் இ.கோலை இருப்பது 1978-லேயே பதிவானது. 2008-இல் ஆர்க்டிக் பறவைகளிடமும் மருந்துக்கு மசியாத இ.கோலை கிடைத்தது. 2013-இல், ஜெர்மனியில் ஒரு கள்ளப்பருந்திடம் எடுத்த சால்மோனெல்லா கிருமியில் என்.டி.எம்-1 இருந்ததாகக் கட்டுரை வந்தது. ஐரோப்பாவின் கள்ளப்பருந்துகள் குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் ஆப்பிரிக்கா போகிறவை, இந்தியாவுக்கு அல்ல. அந்த மரபணு அதற்குள் அவ்வளவு தூரம் பரவியிருந்தது. பிறகு வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் மண்ணிலும் அது இருந்ததை 2019-இல் எழுதினார்கள். கொண்டு சேர்த்ததில் பறவைகளுக்கும் பங்கு இருக்கலாம் என்றார்கள்.

திண்டிவனத்துக்கு வடக்கே ஒலக்கூரில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. வடக்கே வேடந்தாங்கல், தென்கிழக்கே மரக்காணம் பக்கம் கழுவேலிப் பறவைகள் சரணாலயம். இரண்டும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. கழுவேலி சேர்ந்தது 2024-இல். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏரிகளிலெல்லாம் பறவைகள் இறங்கி ஏறுகின்றன. வேடந்தாங்கல் விவசாயிகள் எச்சம் கலந்த ஏரித் தண்ணீரை உரமாகவே நினைத்து வயலுக்குப் பாய்ச்சுகிறவர்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். அவர்களிடம் போய்ப் பறவையைக் காட்டிப் பயமுறுத்துவது அநியாயம்.

பயப்பட வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் மருந்துக்கடை. “அண்ணே, சளி, காய்ச்சல். போன தடவை குடுத்தீங்களே, அதுல ரெண்டு குடுங்க.” அட்டையிலிருந்து கத்திரிக்கோலால் இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுக்கப்படும். செஃபிக்ஸைம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை எச்-1 அட்டவணையில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்ற விதி 2014 மார்ச் 1 முதல் இருக்கிறது. கோழிக்கும் கால்நடைக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. விதிகள் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு மாத்திரையில் தப்பிப் பிழைத்த கிருமி கழிவறை வழியாக வாய்க்காலுக்குப் போய்ச் சேர்வதைத்தான் அந்தக் கடையில் யாரும் நினைப்பதில்லை.

வனத்துறை ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. தலை எண்ணும் அதே நாளில் எச்சத்தையும் ஒரு குப்பியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கூடவே, மருத்துவமனைக் கழிவுநீர் ஊர் வாய்க்காலில் சேரும் இடத்திலும் ஒரு குப்பி எடுக்க வேண்டும். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழில், கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.