ஜம்பை 'ஈத்த'வும் இங்கிலீஷ் 'ஹூ'வும்

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் படிக்க வர்ற பசங்களுக்கு 'ஹூ'ன்னா 'யார்' என்றுதான் சொல்லித் தருகிறோம். அப்புறம் 'தி மேன் ஹூ கேம்' வந்தால் பையன் 'மனிதன் யார் வந்தான்?' என்று முழிக்கிறான். அவன் மேல என்ன தப்பு?

தமிழில் அந்த வேலைக்குத் தனிச்சொல்லே கிடையாது, பெயரெச்சம் பார்த்துக்கொள்ளும். கால்டுவெல் 1856-லேயே ஒப்பிலக்கணத்தில் சொல்லியாச்சு.

இன்னும் பின்னாடி போகணுமா? நம்ம மாவட்டத்திலேயே, திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பைக்கு வாங்க. 1981-ல் அங்கே குகையில் கண்டுபிடித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி 'ஈத்த பாளி' என்கிறது. பாளின்னா குகை உறைவிடம். கொடுத்தவனையும் கொடுத்ததையும் சேர்த்துக் கட்ட 'ஈத்த' ஒன்றே போதும். (அசோகர் சொன்ன சத்தியபுத்திரர் யாருங்கற பழைய சண்டையும் இதே வரியால்தான் பெரும்பாலும் அடங்கியது. அது தனிக்கதை.)

திருப்பிப் போட்டா, பாளி ஈத்த அஞ்சி. 'அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான்'னு நாம ஆளை அடையாளம் சொல்றதும் இப்படித்தானே? கதையை முதலில் சொல்லி, ஆளைக் கடைசியில் காட்டுவோம். இங்கிலீஷ்காரன் ஆளை முன்னாடி நிறுத்திட்டு, 'ஹூ' போட்டுக் கதையைப் பின்னால் ஓட்டுவான்.

'நேத்து வந்த அண்ணன்' என்பதில் அண்ணனை முன்னால் தள்ளச் சொல்லுங்க, பசங்களே சொல்லிடுவாங்க: 'தி பிரதர் ஹூ கேம் எஸ்டர்டே'.