குகைக்குள் மாலை

திருவாலங்காடு இரவின் ஊர். காரைக்கால் அம்மையார் தமது மூத்த திருப்பதிகங்களில் ஆலங்காட்டு இறைவனைக் காண்பது ஊரடங்கிய பின்னர், சுடுகாட்டில், பேய்கள் சூழ ஆடும் கூத்தனாக. இரத்தின சபை என்று போற்றப்படும் அத்தலத்தைத் தரிசித்துத் திரும்புவோரில் பலர் அவ்வூருக்கு இன்னோர் இரவும் உண்டென்பதை அறிவதில்லை. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அங்கேதான் இருக்கிறது. அரவைக் காலம் தொடங்கிவிட்டால் அந்த ஆலைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உலைகளும் உருட்டாலைகளும் அப்படியே. வாரத்திற்கொரு ஷிப்டு என மாறிமாறி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் தகப்பன் உறங்கப் போகிறான்.

உறக்கத்தைக் கொண்டுவருவது எது? பொழுது சாய்வதா, உடலுக்குள் இருக்கும் ஏதோவொன்றா, அல்லது சுற்றியிருக்கும் மனிதர்களா? இந்த மூன்றாவது விடைக்கு அறிவியலில் ஓர் இடம் உண்டு. அவ்விடத்தைத் தேடித் தந்த ஆய்வுகளில் முக்கியமான சில தமிழ்நாட்டில், மதுரைக்கு அருகே ஒரு குகையில் நடந்தன. நம் இலக்கிய வாசகர்களிடையே அவை போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் எண்ணம்.

முதலில் சற்றுப் பின்னே போவோம். அலெக்சாந்தரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தினிஸ் என்னும் கிரேக்கர், இன்றைய பஹ்ரைன் தீவில் கண்ட ஒரு மரத்தின் இலைகள் இரவில் கூம்பிப் பகலில் விரிவதைக் குறித்து வைத்தார். அது புளியமரம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. நம் ஊர்க் கிழவிகளைக் கேட்டிருந்தால் அவர் இவ்வளவு வியந்திருக்க மாட்டார். பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் சாலையோரங்களுக்கு வந்து சேர்ந்த ஒரு மரத்துக்குத் ‘தூங்குமூஞ்சி மரம்’ என்று பெயரிட்டவர்களும் இதே செய்தியைத்தான் கண்டார்கள். 1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான், தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனே தெரியாத இடத்திலும் அது நேரம் தவறாமல் விரிந்து கூம்பியது. ஆக, செடி வெயிலுக்குக் கீழ்ப்படிந்து மட்டும் நடப்பதில்லை. தன்னுள்ளே ஒரு கணக்கை வைத்திருக்கிறது. 1930களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் புன்னிங், அவரைக் குடும்பச் செடிகளைக் கலப்பினம் செய்து, அந்தக் கணக்கு பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவதென்று காட்டினார்.

எம். கே. சந்திரசேகரன் (1937–2009) ஆய்வுலகில் நுழைந்தது இந்த மரபில்தான். சென்னைக் கடற்கரையில், அலை ஏறி இறங்கும் ஈர மணலில் புதைந்து வாழும் ஒரு சிறு நண்டினம் உண்டு. அறிவியல் பெயர் எமெரிட்டா ஏசியாட்டிகா. கடலிலிருந்து பிரித்து ஆய்வுக்கூடத்தில் வைத்தபோதும் அதன் அசைவிலும் மூச்சிலும் கடலின் ஏற்ற இறக்கச் சந்தம் நீடித்ததை அவர் 1965இல் எழுதினார். பின்னர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் புன்னிங்கின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அங்கே வோல்ஃப்காங் எங்கெல்மானுடன் அவர் செய்தது ஏறக்குறைய முழுக்க உயிர் இயற்பியல். டிரோசோஃபிலா என்னும் சிறு ஈ, கூட்டுப்புழு நிலையிலிருந்து விடியலை ஒட்டி வெளிவரும். இருட்டில் வைத்து, நீல ஒளியைச் சிறு துடிப்பாகக் காட்டினால் அந்த நேரம் முன்னே பின்னே நகரும். முன்னிரவில் அந்தக் கடிகாரத்தை நகர்த்தத் தேவைப்படும் ஒளியாற்றல் வேறு, பின்னிரவில் தேவைப்படுவது வேறு என்று அவர்கள் கண்டார்கள். கடிகாரத்தின் முள்ளைத் தொடும் விரலின் பலத்தையே அளந்துவிட்டார்கள் எனலாம்.

சென்னையில் உயிர் இயற்பியல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஜி. என். ராமச்சந்திரன்தான். கொல்லாஜனின் முச்சுருள் அமைப்பை 1954இலும், புரத அமைப்புகளைச் சோதிக்க உலகமே இன்றும் பயன்படுத்தும் வரைபடத்தை 1963இலும் கிண்டி வளாகத்திலிருந்து தந்தவர். அந்தப் புகழ் முற்றிலும் தகும். ஆனால் உயிர் இயற்பியல் என்பது மூலக்கூறோடு முடிந்துவிடுவதில்லை. சந்திரசேகரன் நாடு திரும்பி மதுரைப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றபோது எடுத்துக்கொண்ட கேள்வி மூலக்கூறிலிருந்து மிகத் தொலைவில் இருந்தது. குகையின் ஆழத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவாலுக்கு வெளியே மாலையாகிவிட்டதென்று யார் சொல்கிறார்கள்?

மதுரைக்கு மேற்கே நாகமலை, சமணமலை எனக் குன்றுகள் தொடர்கின்றன. சமண முனிவர்கள் தங்கிய குடைவுகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் கொண்ட நிலப்பரப்பு அது. பல்கலைக்கழகம் அதன் மடியிலேயே இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர் பயணச் செலவு போட்டுத் தேடி வரவேண்டிய குகைகள் இவர்களுக்கு அக்கம்பக்கம். ஆய்வின் திறமையில் பாதி இடத்தைக் கண்டுகொண்டதில்தான் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

அக்குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால் இனமொன்றை (ஹிப்போசிடரோஸ் ஸ்பியோரிஸ்) அவரும் ஜி. மாரிமுத்து முதலிய மாணவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பூச்சி தின்னும் சிறு வௌவால் அது. (சங்கப் புலவர் நக்கண்ணையார் நற்றிணையின் 87ஆம் பாடலில் நெல்லியின் புளிப்பைக் கனவு காணவிட்ட வாவல் வேறு, அது பழந்தின்னி.) இவ்வினம் அந்தி மங்கியதும் கூட்டமாக வெளியேறும். புறப்படும் முன் சில வௌவால்கள் குகை வாயில் வரை பறந்து வந்து வெளிச்சத்தைச் சோதித்துவிட்டுத் திரும்பும். வெளியே எட்டிப் பார்த்தவனுக்கு நேரம் தெரிவதில் புதிர் ஒன்றுமில்லை. எட்டிப் பார்க்க முடியாதவனுக்கு?

சோதனையின் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு வௌவாலைப் பிடித்து, அசைவைப் பதிவுசெய்யும் கூண்டில் அடைத்து, ஒளி எட்டாத, வெப்பமும் ஈரமும் ஏறக்குறைய மாறாத குகை ஆழத்தில் வைத்தார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் வழக்கம்போல் வாழ்ந்தது. அந்தியில் போயிற்று, விடியலில் வந்தது. கூண்டிலிருந்த கைதியோ சூரியனை ஒருநாளும் காணவில்லை. ஆனாலும் அதன் பறக்கும் முயற்சி நாள்தோறும் கூட்டம் புறப்படும் வேளையையே ஒட்டித் தொடங்கியது. அடுத்து, வௌவால்களே இல்லாத இன்னொரு குகையில் அதே ஏற்பாட்டைச் செய்தார்கள். இருள் அதே இருள்தான், கூண்டும் அதே வகைதான். இங்கே கைதியின் ‘மாலை’ நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நழுவிப் போயிற்று. உள்ளிருக்கும் கடிகாரம் நிற்கவில்லை. ஊரோடு ஒத்துப்போவதை மட்டும் விட்டுவிட்டது.

1978இல் ஒரு சிறு அறிவிப்பாகவும் 1981இல் விரிவாகவும் ஜெர்மனியிலிருந்து வெளியான இதழ்களில் இது வந்தது. உயிரினங்களின் கடிகாரத்தைச் சரிசெய்து தரும் புறக்குறிப்பை ‘நேரம் தருவது’ என்று ஜெர்மன் மொழியில் பெயரிட்டவர் யூர்கன் ஆஷாஃப். ஒளிதான் அந்தக் குறிப்புகளின் அரசன் என்பது துறையின் பொதுக் கருத்து. அந்த அரசன் நுழையாத இடத்தில் சுற்றத்தாரின் சிறகொலியும் குரலும் அவன் வேலையைச் செய்யும் என்று மதுரைக் குகை காட்டியது.

இன்னும் ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. எந்தச் சத்தமானாலும் போதுமா? 1983இல் மாரிமுத்துவும் சந்திரசேகரனும் அதற்கு விடை தந்தார்கள். வேறோர் இன வௌவால்கள் வாழும் குகையில் அடைபட்ட கைதி, அவற்றின் போக்குவரத்தை நேரக் குறிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்நியரின் ஆரவாரத்துக்கு நடுவிலும் அதற்குத் தனிமைதான். அயலூரில் விடுதியறையில் வசித்த எவருக்கும் இந்த முடிவு புதிதாகத் தோன்றாது. ஆனால் நாம் உணர்வது வேறு, அளந்து காட்டுவது வேறு.

மதுரைக் குழுவின் மற்றொரு சோதனை நம்மை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. விஸ்வநாதனும் சந்திரசேகரனும் எழுதி 1985இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை அது. நம் வயல்களில் வளை தோண்டி வாழும் சுண்டெலியின் குட்டிகளை, ஒளி மாறாத சூழலில், தாயை 12 மணி நேரம் உடன் வைத்தும் 12 மணி நேரம் பிரித்தும் வளர்த்தார்கள். குட்டிகளின் கடிகாரம் தாயின் வரவையும் போக்கையும் பற்றிக்கொண்டது. அவற்றுக்குத் தாய் இருக்கும் நேரம் பகல். இல்லாத நேரம் இரவு. இதில் தர்க்கம் உண்டு: சுண்டெலி இரவில் இரை தேடிப் போகும் உயிர், ஆகவே வளைக்குள் கிடக்கும் குட்டிக்கு இரவென்பதே தாய் வெளியே போவதுதான். ஆனால் தர்க்கத்தை அறிந்த பின்னும் அந்த வாக்கியத்தைக் கடந்து போக நமக்குச் சற்று நேரமாகிறது.

மனிதர்களுக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது. ஆஷாஃப் ஜெர்மனியில் நிலவறை அமைத்து, தன்னார்வலர்களைக் கடிகாரமும் சூரியனும் இல்லாமல் வாரக்கணக்கில் வாழவைத்துப் பார்த்தார். பெரும்பாலோரின் நாள் 24 மணியைத் தாண்டி நீண்டது. சிலருக்கு உறக்க விழிப்பும் உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தே ஓடின. மதுரையிலும் அத்தகைய தனிமையறை ஒன்று அமைக்கப்பட்டு மனித ஆய்வுகள் நடந்தன. மனிதரிலும் ஒளியே வலிய குறிப்பு என்பது பின்னர் உறுதிப்பட்டது. சமூகக் குறிப்புகள் அதைவிட மெலிந்தவை. ஆகவே வௌவாலின் கதையை அப்படியே மனிதன் மேல் ஏற்றுவது பிழை. இதழாசிரியர்கள் விரும்பும் பிழை என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு துறையின் கவனம் மரபணுவின் பக்கம் போயிற்று. 1971இல் கொனாப்காவும் பென்சரும் ஈயில் சுட்டிய கடிகார மரபணுவின் வேலையை விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தச் சிறப்பைக் குறைக்க நமக்கு நோக்கமில்லை. பொறி எப்படி ஓடுகிறதென்று அவர்கள் சொன்னார்கள். அது யாருடைய நேரத்துக்கு ஓடுகிறது என்ற கேள்வி குகைக்காரர்களுடையது. சந்திரசேகரன் பின்னாளில் பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்குச் சென்றார். வாழும் உலகில் காலம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். தமிழில் அவரைக் குறித்து முழுமையான ஒரு நூலை நாம் இதுவரை கண்டதில்லை. கண்டவர்கள் தெரிவித்தால் மகிழ்வோம்.

2007இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் இரண்டாம் படிநிலையில் சேர்த்தது. 2019இல் இரவுப்பணி குறித்து அதை மீண்டும் உறுதிசெய்தது. காரணங்களில் முதலிடம் இரவு வெளிச்சத்துக்குத்தான். ஆனால் ஷிப்டுத் தொழிலாளியிடம் பேசிப் பாருங்கள், அவர் வெளிச்சத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, பிள்ளை பேசக் கேட்கவில்லை, பகலில் தெருச் சத்தத்தில் உறக்கம் வரவில்லை என்பார். தன் கூட்டம் புறப்படும்போது தான் படுக்கப் போவதையும், அது உறங்கும்போது தான் விழித்திருப்பதையுமே அவர் சொல்கிறார்.

அரவை நாட்களில் திருவாலங்காட்டுச் சாலையில் கரும்பு வண்டிகள் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும். விடியலில் ஒரு ஷிப்டு வெளியே வரும், மற்றொன்று உள்ளே போகும். வருகிறவர்களில் சிலர் கடையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுப்பார்கள். வெளியே ஊர் விழித்துக்கொண்டிருக்கும்.